கருப்பியும் ஒரு நார்வே பையனும்

கருப்பியை வித்தது தப்புன்னு எனக்கு உறைக்கப் பதினோரு நாள் ஆச்சு.

போன ஐப்பசியில எங்ககிட்ட பதினாறு சிறுவிடைப் பெட்டை இருந்துச்சு, ரெண்டு சேவல். அது போதாதுன்னு சந்தையில இருந்து ரெண்டு மாசக் குஞ்சு பன்னிரண்டு வாங்கிட்டு வந்தேன். எல்லாம் தாய் பிரிச்ச குஞ்சு. நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: தாய்க்கோழி ஒன்றரை, ரெண்டு மாசம் வரைக்கும் குஞ்சைச் சிறகுக்குள்ள வச்சு, பருந்து வந்தாலும் பாய்ஞ்சு விரட்டிக் காப்பாத்தும். அப்புறம் ஒருநாள், நேத்து வரைக்கும் தான் கிண்டிக் கொடுத்த இரைக்குக் குஞ்சு ஓடி வந்தா, நறுக்குன்னு தலையில ஒரு கொத்து வைக்கும். அதோட உறவு முடிஞ்சுது. அதைத்தான் தாய் பிரிக்கிறதுன்னு சொல்வோம்.

குஞ்சு வந்த மறுநாளே மழை பிடிச்சுக்கிச்சு. ஆறு நாள் விடாத மழை. வெளிய விட வழியில்லாம, முப்பதையும் பத்துக்கு எட்டு அடிக் கொட்டகையில போட்டு அடைச்சேன். கம்பும் குருணையும் ஒரே தட்டுல கொட்டினேன். ஏழாம் நாள் காலையில ஒரு குஞ்சு செத்துக் கிடந்துச்சு. வால் வேர்ப் பக்கம் ஒரு இறகு இல்ல, சதை தெரிஞ்சுது.

கருப்பி எங்க கூட்டத்துல மூத்த கோழி. தட்டுல முதல்ல அவதான் வாய் வைப்பா. குஞ்சு கிட்டப் போனா மண்டையில ஒண்ணு போடுவா. அதை நானே ஆறு நாளும் பார்த்திருந்தேன். வேற சாட்சி எதுக்கு? அடுத்த சந்தைக்கு அவளைத் தூக்கிட்டுப் போய் 450 ரூபாய்க்கு வித்துட்டு வந்தேன். வீட்டுக்காரி மட்டும், “முட்டை வைக்கிற கோழியப் போய் யாராச்சும் விப்பாங்களா?” ன்னு கேட்டா. “அவ ரவுடி”ன்னு சொன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலமே கொட்டகையில அடிதடி. கருப்பி இருந்தவரைக்கும் சத்தம் போடாத பெட்டைங்க எல்லாம் கழுத்து இறகைச் சிலுப்பிக்கிட்டு எதிரும் புதிருமா நிக்குது. அதைவிட மோசம், அடுத்த வாரத்துல இன்னும் ரெண்டு குஞ்சுக்கு வால் பக்கம் ரத்தம். கருப்பிதான் இல்லையே, அப்ப யாரு?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நார்வேக்காரர் ஒருத்தர் கதை கிடைச்சுது. ஆபீஸ்ல மேனேஜர் கத்தினா, கீழ இருக்கிறவர் தனக்குக் கீழ இருக்கிறவர்கிட்ட கத்துவார், அதை ‘பெக்கிங் ஆர்டர்’னு நீங்க சொல்றீங்க இல்லையா? அந்தச் சொல்லோட பூர்வீகம் ஒரு கோழிக் கொட்டகை. அதைக் கண்டுபிடிச்சவர் அந்த வேலையைத் தொடங்கினப்போ பள்ளிக்கூடப் பையன்.

அவர் பெயர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே. 1894-இல் கிறிஸ்டியானியா நகரத்தில் பிறந்தவர். இன்றைய ஓஸ்லோதான் அது. அப்பா ஆக்செல் எப்பே, அம்மா மெங்கா ஷெல்டெரூப், இருவரும் சிற்பிகள். கோடைக்கு ஊருக்கு வெளியே ஒரு வீடு எடுத்துத் தங்குவார்கள். அங்கே இருந்த கோழிகள்மேல் பையனுக்கு அப்படி ஒரு பித்து. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொண்டான். கோடை முடிந்து நகரத்துக்குத் திரும்பின பிறகும், கோழியைப் பார்க்கணும் என்று அடம்பிடிப்பானாம். பத்து வயசு வாக்கில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, யார் யாரைக் கொத்துகிறது என்று எழுத ஆரம்பித்தான்.

இதுல என்ன இருக்கு, எங்க அப்பத்தாவுக்குத் தெரியாததான்னு முதல்ல எனக்கும் தோணுச்சு. கோழி வளர்க்கிற எல்லாருக்கும் எது பெரியது, எது சின்னது என்று தெரியும். ஆனால் அது மொத்தமாகப் பார்த்த கண். பையன் பார்த்தது ஜோடி ஜோடியாக. பதினாறு கோழி என்றால் 120 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கேள்வி: இந்த இரண்டில் எது கொத்தும், எது வாங்கிக்கொண்டு ஒதுங்கும்? இப்படி வருஷக்கணக்கில் எழுதினதை வளர்ந்த பிறகு ஒழுங்குபடுத்தி, 1922-இல் ஒரு ஜெர்மன் உளவியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டார். யாரை யார் கொத்தலாம் என்ற வரிசைக்கு அவர் வைத்த பெயர் ‘ஹாக்லிஸ்டே’, நம்ம பேச்சில் கொத்துப் பட்டியல்.

அவர் கண்டது சுருக்கமாக இவ்வளவுதான். இரண்டு கோழி முதல்முறை சந்திக்கும்போது ஒரு தீர்ப்பு ஆகிவிடும். சண்டை போட்டும் ஆகலாம், ஒன்று சண்டையே இல்லாமல் தலையைத் தாழ்த்தியும் ஆகலாம். உடம்பு முடியாத கோழி, இடம் புதுசான கோழி, வயசு பத்தாத கோழி தோற்கும். தீர்ப்பு ஆன பிறகு அது நிற்கும். அடுத்தமுறை தட்டருகே சந்தித்தால் மேலே இருப்பது ஒரு பார்வை பார்த்தாலே போதும், கீழே இருப்பது விலகும். ஒன்றையொன்று முகத்தைப் பார்த்தே அடையாளம் வைத்துக்கொள்கின்றன, கொண்டையும் தலையும்தான் அதற்கு முக்கிய அடையாளம். இரண்டு மூன்று வாரம் பிரித்து வைத்தால் மறந்துவிடும், திரும்பவும் முதலில் இருந்து சண்டை.

எனக்குப் பிடிச்சது இன்னொரு விஷயம். பட்டியல் எப்பவும் ஏணி மாதிரி நேராக இருக்காது. அ என்ற கோழி ஆ-வைக் கொத்தும், ஆ போய் இ-யைக் கொத்தும், இ திரும்பி வந்து அ-வைக் கொத்தும். இந்த முக்கோணத்தையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். படிச்சிட்டு நானும் ஒரு வாரம் நோட்டும் கையுமா உட்கார்ந்து பார்த்தேன். எங்க செவலை பொட்டுக்காரியைக் கொத்துது, பொட்டுக்காரி சாம்பலைக் கொத்துது, சாம்பல் செவலையையே விரட்டுது! இத்தனை வருஷமாக் கண்ணுக்கு முன்னாடி நடந்திருக்கு, நான் பார்க்கல.

அந்த மனுஷன் வாழ்க்கை நல்லபடியா அமையல. நார்வேயின் முதல் பெண் பேராசிரியரான கிறிஸ்டீன் பொன்னெவி என்ற விலங்கியலாளரிடம் இருந்தவர், அவருடன் மனஸ்தாபமாகிப் பிரிந்தார். பொன்னெவியைக் கிண்டல் செய்து வந்த ஒரு கட்டுரையை இவர்தான் எழுதினார் என்று பழி விழுந்தது, அப்பா அதை எழுதவில்லை என்று மகன் டாக் பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். எது உண்மையோ, சொந்த நாட்டில் கதவு சாத்திக்கொண்டது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். நார்வேயில் அவருக்கேற்ற பல்கலைக்கழக வேலை கடைசிவரை அமையவில்லை. கொத்துப் பட்டியலைக் கண்டுபிடித்தவரையே கொத்தி ஓரங்கட்டிவிட்டார்கள் என்று இதை ஒரு தமாஷாகச் சொல்வதுண்டு. எனக்குச் சிரிப்பு வரல. 1935-இல் அவர் எழுதியதில், அதிகாரம் செலுத்துவது என்பது உயிர்கள் எல்லாவற்றோடும் பிரிக்க முடியாமல் பிணைந்த அடிப்படை விஷயம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். கோழியைப் பார்த்து எழுதினாரா, தன் வாழ்க்கையைப் பார்த்து எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஏன்னா, அவர் எழுதின நோட்டிலேயே வேற ஒரு கதையும் இருக்கு. தீர்ப்பு ஆகிட்டா சண்டை குறையும். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். வார்டர் கிளைட் ஆலீ அங்கே பேராசிரியர். குவேக்கர் கிறிஸ்தவர், போர் கூடாது என்ற கொள்கைக்காரர், உயிர்கள் கூடி வாழ்வதில் என்ன லாபம் என்று தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்டவர். அவரும் அவர் மாணவர் கூல் என்பவரும் பெட்டைக்கோழிகளை இரண்டு விதமாக வைத்தார்கள். ஒரு கூட்டத்தில் ஆள் மாறவே இல்லை. இன்னொன்றில் இருக்கிற கோழியை எடுத்துவிட்டுப் புதுக்கோழியை விட்டுக்கொண்டே இருந்தார்கள். 1944-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆள் மாறாத கூட்டத்தில் கொத்து குறைவு, தீனி நன்றாக எடுத்தது, எடை கூடியது, முட்டையும் அதிகம். மாற்றி மாற்றி விட்ட கூட்டத்தில் ஓயாத சண்டை, எல்லாமே குறைவு.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியா வரல. நான் செஞ்சது அந்த ரெண்டாவது கூட்டத்துக்கு என்ன செஞ்சாங்களோ அதேதான். முதல்ல பன்னிரண்டு புது முகத்தைக் கொண்டு வந்து கொட்டினேன், அப்புறம் பட்டியலோட உச்சியில இருந்தவளைப் பிடுங்கினேன். அவ மண்டையில போட்ட கொத்து, “நீ புதுசு, உன் இடம் அங்க”ன்னு சொன்ன சேதி. அதுல யாருக்கும் ரத்தம் வரல. அதைத்தான் நான் ரவுடித்தனம்னு படிச்சேன்.

குஞ்சுகள் இந்தப் பாடத்தை எப்போ கத்துக்குதுன்னு இந்த வருஷம்தான் ஒழுங்காப் பார்த்தேன். முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமில்ல, தரையைக் கொத்தும், தாய் காலுக்குள்ள ஓடும். மூணாவது வாரம் ஒரு கூத்து ஆரம்பிக்கும். திடீர்னு சிறகடிச்சுக்கிட்டு ஓடி, எதிர்ல வர்றது முன்னாடி நின்னு, நெஞ்சை நிமிர்த்தி, ரெண்டும் ஒரே நேரத்துல குதிக்கும். ஒரு கொத்துகூட விழாது. அடுத்த நொடி ரெண்டும் சேர்ந்து கரையான் பொறுக்கப் போயிடும். ஆறு வாரம் தாண்டுறப்போ விளையாட்டு வினையாகும். விடலைச் சேவல்கள் முந்திக்கும், பெட்டைங்க கொஞ்சம் தாமதமா, எட்டு பத்து வாரத்துல, தங்களுக்குள்ள முடிவு பண்ணிக்கும். ஒரே தாய்கிட்ட சேர்ந்து வளர்ந்தது முடிவுக்குச் சீக்கிரம் வரும். நான் வாங்கினது மூணு நாலு வீட்டுக் குஞ்சு, சரியா அந்த எட்டு வார வயசு. தங்களுக்குள்ளேயே இன்னும் தீர்ப்பு ஆகாததுங்க, பதினாறு பெரிய பெட்டைங்க நடுவுல, ஆறு நாள், ஒரே தட்டு.

சரி, கருப்பி கொல்லலைன்னா யார் கொன்னது?

பதினோராம் நாள் மத்தியானம் கொட்டகை மூலையில சாக்கு மேல உட்கார்ந்திருந்தேன். வாங்கின குஞ்சுலயே ரொம்பச் சின்னது ஒண்ணு, எல்லார்கிட்டயும் வாங்கிக்கட்டிக்கிறது, மெதுவா இன்னொரு குஞ்சுக்குப் பின்னாடி போச்சு. கோபம் இல்ல, சிலிர்ப்பு இல்ல. வால் வேர்ல இருந்து ஒரு இறகைப் பிடிச்சு இழுத்துச்சு, தின்னுச்சு. தரையில கிடக்கிற தவிட்டைக் கொத்துற மாதிரியே அவ்வளவு நிதானம். அந்தக் குஞ்சும் ஒதுங்காம நின்னுச்சு. ரெண்டாவது இறகுக்கு ரத்தம் துளிர்த்துச்சு. சிவப்பைப் பார்த்ததும் இன்னும் மூணு குஞ்சு ஓடி வந்துச்சு.

பட்டியல் கொத்து எப்பவும் தலையில விழும். எதிரெதிரா நின்னு, மேல இருக்கிறது கீழ இருக்கிறதுக்குப் போடும். இது பின்னாடி இருந்து, முதுகுலயும் வாலுலயும், யார் வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் செய்யறது. ரெண்டும் வேற வேற. 1980-களில் நெதர்லாந்தில் பிளோக்ஹாய்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இந்த இறகுக் கொத்தை ஆராய்ந்து, இது சண்டை சம்பந்தப்பட்டதே அல்ல, தரையைக் கிண்டி இரை தேடுகிற பழக்கம் திசை மாறியது என்று எழுதினார். கோழி பொழுதுக்கும் கிண்டும் கொத்தும் பிறவி. கிண்ட மண் இல்லை, குப்பை இல்லை என்றால் அலகுக்கு வேலை வேண்டும். பக்கத்தில் நிற்பவளின் இறகுதான் புல் மாதிரித் தெரியும்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதற்கு உலகம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1903-இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் கோழிக்கு மூக்குக்கண்ணாடி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார், கண்ணில் கொத்து விழாமல் இருக்க. பிற்பாடு அதில் சிவப்புக் கண்ணாடி போட்டார்கள். எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தெரியாதாம்! சிரிப்பாக இருந்தாலும் அந்த ஆள் கோழியை அறுக்கவில்லை. 1930-களில் ஓஹையோ ஆராய்ச்சி நிலையத்தில் அலகு நுனியை வெட்டும் முறை வந்தது. 1940-களில் அதற்கென்றே சூடான பிளேடு இயந்திரமும் வந்துவிட்டது. கூண்டுப் பண்ணைகள் பெருகின இடமெல்லாம் அதுவும் போனது, நம்ம நாமக்கல் வரைக்கும். அலகு நகம் மாதிரி செத்த பொருள் இல்லை. நுனி முழுக்க நரம்பு, கோழிக்கு அதுதான் விரல். நார்வே மட்டும் 1974-இலேயே அலகு வெட்டுவதைத் தடை செய்தது. ஷெல்டெரூப்-எப்பே 1976 வரை உயிரோடு இருந்தார்.

அலகை வெட்டாமலே வழி உண்டா? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் என்பவர் 1996-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அதிக முட்டை இடும் தனிக் கோழியைப் பொறுக்கி அதன் வம்சத்தை வளர்ப்பதுதான் வழக்கம். அவர் கூண்டைப் பொறுக்கினார். எந்தக் கூண்டுக் குடும்பம் மொத்தமாக நன்றாக இருக்கிறதோ, சாகாமல் முட்டை இடுகிறதோ, அந்தக் குடும்பத்துக் குஞ்சுகளை அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். அலகு வெட்டவில்லை. இரண்டாம் தலைமுறையில் வருஷத்துக்கு 68 சதவீதம் செத்தது, நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாக இறங்கியது. தலைக்கு 91 முட்டையாக இருந்தது 237 ஆனது. பக்கத்தில் இருப்பவளை வாழவிடும் குணம் கோழிக்குள்ளேயே இருந்திருக்கிறது. இத்தனை நாள் யாரும் அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை.

நம்ம வீட்டுக்கோழியோட பாட்டன் காட்டுக்கோழி. நிக்கோலஸ் காலியாஸும் அவர் மனைவி எல்சியும் நம்ம நாட்டிலேயே, வட-மத்திய இந்தியக் காடுகளில், சிவப்புக் காட்டுக்கோழியைப் பின்தொடர்ந்து 1967-இல் எழுதினார்கள். ஒரு சேவல், நாலைந்து பெட்டை என்று சின்னச் சின்னக் கூட்டம். பகலெல்லாம் சருகைக் கிண்டும், ராத்திரி மரத்தில் அடையும். முகம் பார்த்து வரிசை வைக்கிற மூளை அந்தக் கூட்டத்துக்கு அமைந்தது. தோற்றவள் ஓடி ஒளிய அங்கே புதர் இருந்தது. என் கொட்டகையில தோத்தவளுக்குப் போக இடமே இல்லை.

எங்க அப்பத்தா இதை எல்லாம் படிச்சதில்ல. புதுக்கோழி வாங்கிட்டு வந்தா, ரெண்டு மூணு நாள் காலுல கயிறு கட்டி, மத்ததுங்க மேயுற இடத்துக்குப் பக்கத்துல கட்டிப் போடும். குஞ்சுன்னா பஞ்சாரத்துக்குள்ள. “பாத்துக்கிடட்டும்டா, முகம் பழகட்டும்”னு சொல்லும். அப்புறம் பகல்ல விடாது, ராத்திரி இருட்டினதும் கம்புல அடைஞ்சிருக்கிற கோழிங்களுக்கு நடுவுல கொண்டுபோய் ஏத்தி விடும். காலையில எல்லாம் ஒண்ணா இறங்கும். நான் அதை எல்லாம் பழைய காலத்து வேலைன்னு விட்டிருந்தேன். பஞ்சாரம்கூட பரண்ல கிடந்துச்சு, எலி கடிச்சு.

இப்போ கொட்டகையை ரெண்டாப் பிரிச்சு நடுவுல வலை அடிச்சிருக்கேன். தீனித் தட்டு நாலு, தள்ளித் தள்ளி. தரைக்கு வைக்கோலும் காஞ்ச சருகும் அரை அடி. மழை நாள்ல முருங்கைக் கொத்து ரெண்டு உயரத்துல கட்டித் தொங்க விடுறேன், எகிறி எகிறிக் கொத்தட்டும்னு. இறகு பிடுங்கின அந்தச் சின்னதைத் தனியா ஒரு வாரம் தோட்டத்துல விட்டேன். மண்ணைக் கிண்ட ஆரம்பிச்சதும் இறகு ஞாபகமே அதுக்குப் போயிடுச்சு. இப்போ அது முட்டை வைக்குது. மேல் கம்புல செவலை அடையறா, அவளைச் சாம்பல் அப்பப்போ விரட்டுறா.

கருப்பியைத் திருப்பி வாங்கலாம்னு ரெண்டு சந்தை அலைஞ்சேன். வாங்கினவரை மூணாவது சந்தையில பார்த்தேன். “அந்தக் கருப்பாண்ணே? அன்னைக்கு ஞாயித்துக்கிழமையே விருந்தாடிக்கு அடிச்சாச்சு. நல்ல கோழிண்ணே, உள்ள நாலு முட்டை இருந்துச்சு”ன்னார். வீட்டுக்காரிகிட்ட அந்த முட்டை விஷயத்தை நான் இன்னும் சொல்லல.